அறையில் இருக்கும் மூன்றாவது ஆள்

பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில், பெண்களின் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. அந்தரங்கப் பரிசோதனைக்கு முன், துணைக்கு ஒருவர் இருக்கட்டுமா என்று நோயாளியிடம் கேட்பது அங்கே மருத்துவ நெறி. அப்படித் துணை நிற்பவர் பெரும்பாலும் ‘ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்’ எனப்படும் உதவிப் பணியாளர்.

சிறுநீரை ஸ்ட்ரிப் வைத்துச் சோதிப்பது, கழித்த பிறகும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சிறிய ஸ்கேன் கருவியில் பார்ப்பது, எவ்வளவு குடித்தோம், எப்போது கசிந்தது என்று நோயாளி எழுதிவந்த மூன்று நாள் குறிப்பைச் சரிபார்ப்பது எல்லாம் இவர் வேலை. எழுதப்படாத வேலை ஒன்றும் உண்டு. மருத்துவரிடம் “பரவாயில்லை” என்று சொன்ன பெண், திரைக்குப் பின்னால் போர்வையை வாங்கிக்கொள்ளும்போதுதான் வாய் திறப்பார்: “சிரித்தாலே நனைந்துவிடுகிறது. பேத்தியைத் தூக்கவே பயம்.” மொழிபெயர்க்க மகனை அழைத்துவந்த லண்டன் தமிழ்த் தாய், அவன் முன்னால் ‘அடி இறக்கம்’ என்று எப்படிச் சொல்வார்? தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும், அந்தச் சொல் வெளியே வந்துவிடும்.

அந்தச் சொல்லைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் பட்டறிந்திருக்கிறது. கசிவுக்காகவும் இறக்கத்துக்காகவும் உடலுக்குள் பொருத்தப்பட்ட ‘மெஷ்’ எனும் செயற்கை வலையால் பல பெண்கள் தீராத வலியில் தவித்தார்கள். 2018 ஜூலையில் இங்கிலாந்தில் அந்தச் சிகிச்சை நிறுத்திவைக்கப்பட்டது. பெண்கள் சொன்னதைப் பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை என்று 2020இல் பரோனஸ் கம்பர்லெஜ் தலைமையிலான குழு குற்றம்சாட்டியது.

இருமினால், தும்மினால் ஏற்படும் கசிவுக்கு முதல் மருந்து கத்தி அல்ல, பயிற்சி. குறைந்தது மூன்று மாதம், தினம் மூன்று வேளை, வேளைக்கு எட்டு முறையாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்த வேண்டும் என்கிறது அந்நாட்டின் ‘நைஸ்’ வழிகாட்டுதல். துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் யார் செய்வார்கள்? “இந்த வாரம் செய்தீர்களா?” என்று கேட்க ஒரு முகம் வேண்டும்.

அந்த முகத்துக்கு உரிய மதிப்பு இல்லை. செவிலியருக்கு இருப்பது போன்ற சட்டப்பூர்வப் பதிவு இவர்களுக்குக் கிடையாது. இவர்களுக்குச் சீரான பயிற்சி இல்லை என்று 2013இல் கேவண்டிஷ் ஆய்வறிக்கை சுட்டிக்காட்டிய பிறகே, 2015இல் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வந்தது. மூன்றாம் ஊதியப் படிநிலைக்குரிய மருத்துவ வேலையை வாங்கிக்கொண்டு இரண்டாம் படிநிலைச் சம்பளம் கொடுத்ததை எதிர்த்து, பல ஊர்களில் தொழிற்சங்கம் போராட வேண்டியிருந்தது.

செவிலியப் படிப்பு இல்லாதவரிடம் சிகிச்சையை ஒப்படைப்பதா என்று கேட்கலாம். அப்படி யாரும் கோரவில்லை. நோயைக் கணிப்பது மருத்துவர் வேலைதான். திரைக்குப் பின்னால் கேட்டதை எழுத நோயாளியின் கோப்பில் ஓர் இடம், அதைக் கேட்டு முடிக்கப் பத்து நிமிடம், செய்யும் வேலைக்கு உரிய படிநிலை ஆகிய மூன்றும் கிடைத்தால் போதும். இல்லையென்றால், அந்தப் பெண் திரையை விலக்கிக்கொண்டு வந்து மறுபடியும் “பரவாயில்லை” என்பார். கோப்பிலும் அதுதான் ஏறும்.