நீர் காக்கும் கடமை

ஊருக்கு நீர் வழங்குதல் குடிநீர் வாரியத்தின் கடமை. அந்நீரைப் பேணுதல் குடிமக்களின் கடமை. இவ்வுண்மையைச் சென்னை மாநகர் இடர்ப்பட்டே கற்றது.

2015ஆம் ஆண்டில் பெருமழை பெய்து, வெள்ளம் வீதிகளை மூடியது; அந்நீரிற் பெரும்பகுதி கடலிற் கலந்தது. நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டன. மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நின்றனர். ஜோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் நீர் கொணரப்பட்டது.

மழை பொய்த்தது மட்டுமோ காரணம்? முன்பு பெய்த மழையைத் தேக்கி வையாமையும் காரணமன்றோ? கட்டடந்தோறும் மழைநீர் சேகரித்தல் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், அமைத்த குழி தூர்ந்து கிடப்பின் சட்டத்தால் யாது பயன்? உடைந்த குழாயை உடனே செப்பனிடாத வாரியமும் குறையுடையதே. ஒழுகும் குழாயைக் கண்டும் காணாது செல்லும் குடிமகனும் குறையுடையவனே.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு அமைந்தது. அது பெரும்பொருட் செலவில் தரும் நீரை வானம் விலையின்றித் தருகின்றது. ஐப்பசி மழைக்கு முன்னரே தம் இல்லத்து மழைநீர்க் குழியைத் தூர்வாரியவரே, கோடையில் வாரியத்தைக் குறைகூறும் உரிமை உடையர்.