கவனம் என்றால் திட்டத்தை விடாமல் பற்றுவதா?

எதிர்பாராத இடையூறுகளை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு, வகுத்த திட்டத்திலேயே தலைவர் கண்ணாக இருக்க வேண்டும் என்ற வாதம் தவறானது. எது இடையூறு, எது தொழிலின் உயிர்நாடி என்று பிரித்தறிவதுதான் தலைவரின் முதல் வேலை. இந்த வாதம் அதையே பறித்துவிடுகிறது.

1982 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலிநிவாரணி கேப்சூல் விழுங்கிய 7 பேர் இறந்தனர். யாரோ அதில் சயனைடு கலந்திருந்தார்கள். தயாரிப்பில் குற்றமில்லை என்று சொல்லி, அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஒதுங்கியிருக்கலாம். மேற்சொன்ன வாதப்படி அதுதான் கவனம். நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் பர்க் அப்படி ஒதுங்கவில்லை. நாடு முழுவதும் சுமார் 3.1 கோடி புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. செலவு ஏறக்குறைய 10 கோடி டாலர்.

இதைக் கவனச் சிதறல் என்பது பெரும் பிழை. மருந்தைப் பயன்படுத்துவோருக்கே முதல் பொறுப்பு என்று 1943இல் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ராபர்ட் உட் ஜான்சன் எழுதிவைத்த கொள்கை அறிக்கை அங்கே இருந்தது; பர்க்கின் பார்வை அதைவிட்டு அகலவில்லை. அன்றாடக் கூட்டங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் பிறரிடம் ஒப்படைக்கலாம், ஒப்படைக்கவும் வேண்டும். இத்தகைய முடிவை ஒப்படைக்க இயலாது.

சில வாரங்களில், யாராவது பிரித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மூன்றடுக்கு முத்திரையுடன் டைலனால் கடைகளுக்குத் திரும்பியது. சரிந்த விற்பனையின் பெரும்பகுதி ஓராண்டுக்குள் மீண்டது.