வீட்டிலிருந்தே மாதம் ஐயாயிரம் பிராங் வருமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு ஓர் இளங்குடும்பம் வந்தது. கணவருக்கு உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை. மனைவி இரண்டு வயதுப் பிள்ளையுடன் வீட்டில். சுவிசுக்கு வந்து மூன்று வருடம், எஃப் அனுமதி. தேநீர் குடித்து முடியும் வரை ஊர்க்கதை. பிறகு தம்பி தொலைபேசியை எடுத்து எங்களிடம் நீட்டினார்.

"அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ. இன்ரநெற்றிலை ஒரு பக்கம் திறந்து விட்டால் விளம்பரக் காசு மாதம் ஐயாயிரம் பிராங் வருமாம். நித்திரை கொள்ளேக்கையும் வருமாம். படிப்பிக்கிற வகுப்புக்கு 1,500 பிராங். மூன்று தரமாய்க் கட்டலாம். முதல் 500 கட்டிப்போட்டன்."

அவருடைய மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு இருந்தார். அந்த 500 பிராங் எதற்காக வைத்திருந்த காசு என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அவர்கள் எங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடமாக நாங்களும் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். எங்களுக்குப் பெரிய படிப்பு இல்லை. ஊரில் சாதாரண தரத்தோடு நின்றது. இங்கே பீல் நகரில் தொழிற்சாலை வேலை, ஒரு கிழமை காலை, ஒரு கிழமை பின்னேரம். ஆனால் இந்த விடயத்தில் சொந்தக் கணக்கு இருக்கிறது. அதை வாசகர்களுக்கும் சொல்லலாம் என்றே இம்முறை எழுதுகிறோம்.

இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வீட்டுக்கு வந்து "கிராங்கன்காசை மாத்துங்கோ" என்று சொல்லும் முகவரை எல்லோருக்கும் தெரியும். அவர் எங்களிடம் ஒரு சதமும் கேட்பதில்லை. காப்புறுதி நிறுவனம் அவருக்குக் கொமிசன் கொடுக்கிறது. அடிப்படைக் காப்புறுதிக்கு ஆளுக்கு 70 பிராங்குக்கு மேல் கொடுப்பதில்லை என்று நிறுவனங்கள் தமக்குள் செய்த உடன்பாடு 2021 இல் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் மத்திய அரசு அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. மேலதிகக் காப்புறுதிக்கு அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அதனால்தான் அவர் மேலதிகக் காப்புறுதி பற்றியே கூடக் கதைப்பார்.

அதே முகவர் கதிரையில் இருக்காமல் இணையப் பக்கமாக இருந்தால், அதுதான் இவர்கள் 'அபிலியேற்' என்று சொல்வது. நீங்கள் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள். வாசிப்பவர் உங்கள் பக்கத்திலுள்ள இணைப்பை அழுத்திக் கடைக்குப் போய் வாங்குகிறார். கடை உங்களுக்கு ஒரு பங்கு தருகிறது. அமேசன் நிறுவனம் இந்த ஒழுங்கை 1996 இல் தொடங்கியது. அதே 1996 இல்தான் சுவிசில் ரிச்சார்ட் ஐஸ்லர் என்பவர் கொம்பாரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எம்மவர் வீடுகளில் காப்புறுதிக் கட்டணம் ஒப்பிடுவதற்கு அந்தப் பக்கத்தைத் திறக்காதவர்கள் குறைவு. அதன் வழியாக விலை விபரம் கேட்கும்போது காப்புறுதி நிறுவனம் அதற்குக் காசு கொடுக்கிறது. (கொமிசன் இல்லாத ஒப்பீடு வேண்டுமானால் மத்திய அரசின் பிரிம்இன்ஃபோ பக்கம் இருக்கிறது. விலகல் கடிதம் நவம்பர் முடிவதற்குள் போய்ச் சேரவேண்டும், மறக்கவேண்டாம்.)

இரண்டாவது வழி விளம்பரம். கூகுள் நிறுவனம் 2003 இல் அட்சென்ஸ் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. உங்கள் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் கூகுள் அங்கே விளம்பரம் போட்டு, வரும் காசில் உங்களுக்கும் பங்கு தரும். ஆனால் தமிழ்ப் பக்கங்களை இதில் சேர்த்தது 2018 இல்தான். அதற்கு முன்னர் எத்தனையோ பேர் வருடக்கணக்காகத் தமிழில் எழுதியும் இந்த வழியால் ஒரு சதம் காணவில்லை.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விளம்பர இடமும் ஏலத்தில்தான் போகிறது. சூரிச்சில் இருப்பவர் டொச் மொழியில் வீட்டுக்கடன் பற்றி வாசித்தால், வங்கிகள் போட்டி போட்டுக் கொடுக்கும். அதே ஆள் தமிழில் சாம்பார் வைப்பது பற்றி வாசித்தால் யார் போட்டி போடப் போகிறார்கள்? சுவிசில் எம்மவர் ஐம்பதினாயிரம் அளவில் என்று சொல்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் எங்கள் பக்கத்துக்கு வந்தாலும் நாங்கள் வேலையை விடமுடியாது. எம்மவருக்குள் இணையத்தில் நிலையாகக் காசு வருவது மரண அறிவித்தல் போடும் பக்கங்களுக்குத்தான். அங்கே காசு கொடுப்பவர் விளம்பரக்காரர் அல்ல, அறிவித்தல் போடும் குடும்பம்.

இனி எங்கள் கணக்கு. எல்லோரையும் போல நாங்களும் சமையல் குறிப்பில்தான் தொடங்கினோம். ஆறு மாதம் எழுதினோம். வந்து பார்த்தவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும். பிறகு ஒரு நாள் வேலைத்தலத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கே மாற்றுவது எப்படி என்று கேட்டார். அதற்கு முதல் கிழமையும் வேறொருவர் அதையே கேட்டிருந்தார். அன்றிரவு அதை எழுதினோம். சுவிசுக்கு வந்து 12 மாதத்துக்குள் மாற்றவேண்டும். இலங்கைப் பத்திரம் வைத்திருப்பவர் பரிசோதகருடன் ஒரு கட்டுப்பாட்டு ஓட்டம் ஓடிக் காட்டவேண்டும். அதில் தவறினால் இரண்டாம் தரம் இல்லை. பழகுநர் பத்திரம் எடுத்து அடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வடிவாகப் பழகாமல் அந்த ஓட்டத்துக்குப் போய் இழந்தவர்கள் எம்மவரில் அநேகர்.

அந்த ஒரு கட்டுரைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பெயரில் பத்துப் பிராங் சேர்ந்ததும் கூகுள் ஓர் இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்பியது. கடிதப் பெட்டியில் தெரியாத உறை கிடந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு நெஞ்சு இடிக்கும் அல்லவா? குடிவரவு அலுவலகமோ என்று நினைத்துக் கை நடுங்கித்தான் திறந்தோம். நூறு பிராங் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பதினான்கு மாதம் எடுத்தது. கிழமைக்கு நான்கு மணித்தியாலம் என்று வைத்தாலும் 240 மணித்தியால வேலை. மணிக்கு 42 சதம். இணைய இடத்துக்கு நாங்கள் கட்டிய வாடகை அந்த வரவைவிடக் கூட.

பிறகு காசு வந்தது வேறு வழியால். வாகனம் பழக்கும் எம்மவர் ஒருவர் எங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்தால் வரும் ஒவ்வொரு மாணவருக்கும் 40 பிராங் தருவதாகச் சொன்னார். சென்ற வருடம் ஏழு பேர் போனார்கள். 280 பிராங். அவரிடமிருந்து காசு வாங்குகிறோம் என்று கட்டுரையின் மேலேயே எழுதியிருக்கிறோம். அது வேண்டாம், ஆட்கள் சந்தேகப்படுவார்கள் என்றார் அவர். நாங்கள் எடுக்கவில்லை.

பெரிதாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் பற் பிளின் என்பவர் கட்டட வரைஞர் நிறுவனத்தில் வேலை செய்தவர். தன் துறையில் ஒரு பரீட்சைக்குப் படித்த குறிப்புகளை இணையத்தில் போட்டு வைத்திருந்தார். 2008 இல் வேலை போனது. அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக்கி விற்றார். முதல் மாதமே ஏழாயிரம் டொலருக்கு மேல் வந்தது. வயர்கட்டர் என்ற பக்கம் 2011 இல் தொடங்கி, பொருட்களைப் பரிசோதித்து எழுதி, இந்தக் கொமிசனாலேயே வாழ்ந்தது. 2016 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை சுமார் 30 மில்லியன் டொலருக்கு அதை வாங்கியது. இவர்கள் இருவரும் ஆங்கிலத்தில், உலகம் முழுவதுக்கும் எழுதியவர்கள்.

இப்போது அவர்களைப் போன்றவர்களுக்கே சிரமம். 2023 செப்டெம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் தேடல் முறையை மாற்றியபோது, சிறு பக்கங்கள் பல ஒரே கிழமையில் வாசகர்களை இழந்தன. 2025 மார்ச் தொடக்கம் சுவிசிலும் கேள்விக்குக் கூகுளே செயற்கை அறிவால் பதில் எழுதி மேலே போடுகிறது. பதில் அங்கேயே கிடைத்தால் கீழே உள்ள பக்கத்தை யார் திறப்பார்கள்? அந்தக் காணொளி இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

இனி அனுமதிப்பத்திர விடயம். வகுப்பு நடத்துபவர்கள் வாய் திறக்காத இடம் இதுதான்.

எஃப் அனுமதி உள்ளவர்களும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளும் 2019 ஜனவரியிலிருந்து வேலை செய்வதற்கு முன்கூட்டி அனுமதி எடுக்கத் தேவையில்லை, அறிவித்தல் கொடுத்தால் போதும். சொந்தத் தொழிலும் அப்படித்தான். ஆனால் அந்த அறிவித்தலை நீங்களே கொடுக்கவேண்டும். என் அனுமதியில் இருப்பவர்கள் மாநில அலுவலகத்தில் கேட்காமல் ஒன்றும் தொடங்கவேண்டாம். வேலையில் இருப்பவருக்குப் பக்க வருமானம் வருடத்துக்கு 2,500 பிராங்குக்குள் என்றால், நீங்களாகக் கேட்டாலொழிய ஆ.ஹா.பௌ. கட்டணம் இல்லை (2025 க்கு முன்னர் இந்த எல்லை 2,300). வருமான வரிக்கு அப்படி எல்லை என்று நினைக்கவேண்டாம். எங்கள் 280 பிராங்கையும் நாங்கள் எழுதிக் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த பெண் சிரித்தார், ஆனால் பதிந்தார்.

வேலையில்லாக் காசு எடுப்பவர்கள் மாதாந்தப் படிவத்தில் இதை இடைக்கால வருமானமாகக் காட்டவேண்டும். சோசியல் உதவி எடுப்பவர்கள் பத்துப் பிராங் வந்தாலும் சொல்லவேண்டும். 2016 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து, வருமானத்தை மறைத்து உதவி எடுப்பது குற்றவியல் சட்டத்தின் 148அ பிரிவில் தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம். சிறிய விடயமாகக் கருதப்பட்டால் அபராதத்தோடு போகும். அதற்கு மேல் என்றால் 5 முதல் 15 வருடம் வரை நாடு கடத்தும் தீர்ப்பும் வரலாம். மாதம் முப்பது, நாற்பது பிராங் விளம்பரக் காசுக்கு யாராவது இந்த வில்லங்கத்தை வாங்குவார்களா? மச்சானின் பெயரில் கணக்குத் திறந்தால் தெரியாது என்றும் சொல்லித் தருகிறார்களாம். அப்படியென்றால் அகப்படுவது இரண்டு குடும்பம்.

இதையெல்லாம் அன்று சொல்லிக்கொண்டு வரும்போதுதான் தம்பியின் மனைவி வாய் திறந்தார். "அக்கா, நம்பரைக் கொடுத்தது தெரிஞ்ச ஆள்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை சந்திக்கிறவ." அந்தப் பெண்மணிக்கும், கொண்டுவரும் ஒவ்வொரு ஆளுக்கும் முப்பது வீதம் கிடைக்குமாம். தம்பிக்கும் அதே வாக்குறுதி. இணையப் பக்கத்தால் வராத காசு ஆள் சேர்த்தால் வருமாம். பொருள் விற்பதைவிட ஆள் பிடிப்பதால்தான் காசு என்றால், அதற்கு இங்கே பனிப்பந்து முறை என்று பெயர். 2012 ஏப்ரலிலிருந்து நேர்மையற்ற போட்டிச் சட்டத்தில் அது தடை. ஊர்ச் சீட்டில் கூடத் தாச்சி யார், வீடு எங்கே என்று தெரியும்.

சுவிசில் இன்னொரு சங்கடம் உண்டு. இணையத்தில் நாமாக வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் பொது உரிமை இங்கே சட்டத்தில் இல்லை. ஜேர்மனியில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாறவேண்டாம். ஆனால் நாம் கேட்காமல் விற்பவரே தொலைபேசி எடுத்தோ வாசலுக்கு வந்தோ ஒப்பந்தம் செய்தால், தொகை 100 பிராங்குக்கு மேல் என்றால், 14 நாளுக்குள் விலகலாம். தொலைபேசி விற்பனைக்கும் இந்த உரிமை 2016 இல் வந்தது. தம்பி யாரையும் கேட்கவில்லை, அவர்கள்தான் எடுத்தார்கள். நாட்களை எண்ணிப் பார்த்தோம். பதினொராவது நாள்.

பதின்மூன்று வயது மகள் டொச்சில் எழுதினாள், நாங்கள் பக்கத்தில் இருந்து சொன்னோம். ஆறு வரிதான். திங்கள் காலை பதிவுத் தபாலில் போனது, பற்றுச்சீட்டைத் தம்பி பேர்சுக்குள் வைத்திருக்கிறார். அடுத்த இரண்டு தவணையும் கேட்டு இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை. கட்டிய 500 இன்னும் வரவில்லை. அது பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று சேர்த்த காசு. அந்தப் பெண்மணி தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் இவர்களைக் கண்டால் இப்போது மற்றப் பக்கம் பார்க்கிறாராம்.

போகும்போது தம்பி கேட்டார், "அப்ப எனக்கு எழுத ஒண்டும் இல்லையோ அண்ணை?" அவர் உணவகத் தொழிலாளர்களுக்கான புறோகிரெசோ என்ற ஐந்து கிழமைப் படிப்பை முடித்தவர். துறையின் கூட்டு ஒப்பந்த நிதியில் நடக்கும் படிப்பு அது. முடித்தால் குறைந்தபட்சச் சம்பளமும் ஒரு படி கூடும். அதில் எப்படிச் சேர்வது, என்ன கேட்பார்கள், டொச் எவ்வளவு வேண்டும் என்று கிழமைக்கு இரண்டு பேராவது அவரிடம் தொலைபேசியில் கேட்கிறார்கள். அதை எழுதச் சொன்னோம். நேற்றுப் பதினொரு வரி அனுப்பியிருக்கிறார். எழுத்துப் பிழை நிறைய. திருத்திக்கொண்டு இருக்கிறோம்.