‘முடியாது’ என்று சொல்ல ஓர் ஆள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

“சார், அமெரிக்கா சர்வாதிகார நாடாகிக்கொண்டு இருக்கிறதா?” என்று உங்களில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். “எல்லாம் பத்திரிகைக்காரர்கள் ஊதிப் பெரிதாக்குவது” என்று நம் குடும்பக் குழுவில் மாப்பிள்ளை ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். அமெரிக்கா இன்னும் சர்வாதிகார நாடாகிவிடவில்லை. 2025 நவம்பரில் வர்ஜீனியாவிலும் நியூஜெர்சியிலும் கவர்னர் தேர்தல் நடந்தது. அதிபரின் கட்சி இரண்டிலும் தோற்றது. சர்வாதிகார நாட்டில் இப்படி நடக்காது. ஆனால் அந்த நாட்டைத் தாங்கிப் பிடித்த ஒன்று தேய்ந்துகொண்டு வருகிறது. அது என்னவென்று தெரியாமல் பேசினால், ஒன்று பயந்து கத்துவோம், இல்லையென்றால் அலட்சியமாகச் சிரிப்போம்.

எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டது நினைவிருக்கும். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள். ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும் என்பது பாடம். பாடம் சரிதான். ஆனால் அம்புக்குறி தானாக நகராது. அந்த இடத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே இருந்து தவறான உத்தரவு வரும்போது “முடியாது ஐயா” என்று அவர் சொல்ல வேண்டும். அதிலும் முக்கியம், அவர் அதிபரின் சொந்தக் கட்சிக்காரராக இருக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் மறுப்பது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

நிக்சன் காலத்தைப் பாருங்கள். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. வாட்டர்கேட் ஊழலை விசாரித்துவந்த ஆர்ச்சிபால்ட் காக்ஸை வேலையிலிருந்து நீக்கச் சொன்னார் அதிபர். அவர் நியமித்த அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்து ராஜினாமா செய்தார். அடுத்த இடத்தில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்துப் பதவியை விட்டார். மூன்றாவதாக இருந்தவர்தான் உத்தரவை நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி, குடியரசுக் கட்சியின் மூத்த தலைவர்கள் மூன்று பேர் வெள்ளை மாளிகைக்குப் போய், “காங்கிரஸில் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு ஆதரவு இல்லை” என்று தங்கள் கட்சி அதிபரிடமே நேரில் தெரிவித்தார்கள். இரண்டே நாளில் நிக்சன் பதவியில் இல்லை.

2020 தேர்தலுக்குப் பிறகும் இதேதான் நடந்தது. மிச்சிகன் மாகாணத்தில் வாக்குகளைச் சரிபார்த்துச் சான்று தரும் குழுவில் நான்கே உறுப்பினர்கள், கட்சிக்கு இரண்டு பேர். நவம்பர் 23 அன்று குடியரசுக் கட்சி உறுப்பினர் ஆரோன் வான் லாங்கவெல்ட், சட்டப்படி தன் வேலை கணக்கைச் சான்றளிப்பது மட்டுமே என்று சொல்லிக் கையெழுத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். ஜார்ஜியாவில் தேர்தல் பொறுப்பு பிராட் ராஃபென்ஸ்பெர்கரிடம் இருந்தது. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் அவருக்கு போன் போட்டு 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பைடன் முன்னிலை பெற்றிருந்தது 11,779 வாக்குகளில். அவர் மறுத்தார். அரிசோனாவில் சபாநாயகர் ரஸ்டி பவர்ஸ் மறுத்தார். கடைசியாகத் துணை அதிபர் மைக் பென்ஸ் மறுத்தார். அத்தனை பேரும் குடியரசுக் கட்சிக்காரர்கள். டிரம்ப் நியமித்த நீதிபதிகளே அவர் தரப்பு வழக்குகளைத் தள்ளுபடி செய்தார்கள்.

“பார்த்தீர்களா, எல்லாம் தாங்கியதே!” என்று அப்போது பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுத்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

வான் லாங்கவெல்டை அவருடைய கட்சி மீண்டும் அந்தக் குழுவுக்கு அனுப்பவில்லை. ரஸ்டி பவர்ஸ் 2022-இல் கட்சியின் உள்தேர்தலில் தோற்றார். ஜனவரி 6 கலவரத்துக்குப் பிறகு டிரம்பைப் பதவி நீக்கம் செய்ய வாக்களித்த குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் 10 பேர். 2022 தேர்தலுக்குப் பின் அவர்களில் சபைக்குத் திரும்பியவர்கள் 2 பேர் மட்டும். நான்கு பேர் போட்டியிடவே இல்லை. நான்கு பேர் உள்தேர்தலில் தோற்றார்கள். ராஃபென்ஸ்பெர்கர் மட்டும் விதிவிலக்கு, மக்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மற்ற அரசியல்வாதிகள் கற்றுக்கொண்ட பாடம் என்னவாக இருந்திருக்கும்? “முடியாது” என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், தலையாட்டினால் நாற்காலி நிலைக்கும்.

2025-இல் நடந்தவற்றை இந்தக் கண்ணாடி வழியே பாருங்கள். பதவியேற்ற ஜனவரி 20 அன்றே, ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய ஏறக்குறைய 1,500 பேருக்கு மன்னிப்பு. அன்று காயம்பட்ட போலீஸ்காரர்கள் சுமார் 140 பேர். அதே வாரத்தில், அமைச்சகங்களுக்குள் முறைகேடுகளைக் கண்காணிக்கும் தலைமைத் தணிக்கையாளர்கள் சுமார் 17 பேர் நீக்கப்பட்டார்கள். காங்கிரஸுக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற சட்டம் மதிக்கப்படவில்லை. ஆகஸ்ட் 1 அன்று வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பலவீனமாக வந்தது. சில மணி நேரத்தில் அந்தத் துறையின் தலைவர் நீக்கப்பட்டார். காய்ச்சல் ஏறினால் தெர்மாமீட்டரை உடைப்பதுபோல.

செப்டம்பரில் இன்னொன்று. அதிபருக்குப் பிடிக்காத முன்னாள் எஃப்.பி.ஐ. தலைவர் ஜேம்ஸ் கோமி மீது வழக்குப் போட வேண்டும் என்ற நெருக்கடி. வர்ஜீனியாவில் அந்தப் பொறுப்பில் இருந்த அரசு வழக்கறிஞர் விலக நேர்ந்தது. அந்த இடத்துக்கு, குற்ற வழக்கு நடத்திய அனுபவமே இல்லாத, அதிபரின் முன்னாள் சொந்த வக்கீல் வந்தார். சில நாட்களில் குற்றச்சாட்டு பதிவாகிவிட்டது.

இவற்றில் எதற்கும் அரசியலமைப்பில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. சட்டப் புத்தகம் அப்படியே இருக்கிறது. நாற்காலியில் இருக்கும் ஆள்தான் மாறுகிறார். நான் சொல்லும் தேய்மானம் இதுதான்.

இந்த ஆபத்தை அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1881-இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டவன், கட்சிக்கு உழைத்தும் தனக்குப் பதவி தரவில்லை என்ற ஆத்திரத்தில் இருந்தவன். தேர்தலில் ஜெயித்தவர் அரசு வேலைகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போடும் வழக்கம் அப்போது இருந்தது. அந்தக் கொலைக்குப் பிறகு, 1883-இல், தகுதி பார்த்து வேலை தரும் சட்டம் வந்தது. அரசு ஊழியர் ஆட்சியாளரின் ஆள் இல்லை, அரசின் ஆள் என்பது அதன் சாரம்.

இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“மக்கள் ஓட்டுப் போட்டுத்தானே வந்தார்? நினைத்ததைச் செய்யட்டுமே” என்பார்கள். 2024-இல் அவர் முறையாக ஜெயித்தார், சந்தேகமே இல்லை. வரியைக் குறைக்கலாம், எல்லையை இறுக்கலாம், பிடிக்காதவர்கள் அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் வாக்கு என்பது வண்டியை ஓட்டக் கொடுத்த சாவி. பிரேக்கைக் கழற்றிப் போடக் கொடுத்த அனுமதி இல்லை.

“மற்றவர்கள் மட்டும் யோக்கியமா?” என்பார்கள். நியாயமான கேள்வி. பைடன் தன் மகனுக்கு மன்னிப்பு வழங்கினார். பதவியை விட்டு இறங்கும் நாளில், வழக்கே இல்லாத தன் உறவினர்களுக்கும் முன்கூட்டியே மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். அதுவும் தவறுதான். 1937-இல் உச்ச நீதிமன்றத்தில் தனக்கு வேண்டிய நீதிபதிகளைக் கூடுதலாகச் சேர்க்க ரூஸ்வெல்ட் பார்த்தார். செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த அவருடைய ஜனநாயகக் கட்சியே அதைத் தடுத்துவிட்டது. ஆசை எல்லா ஆட்சியாளருக்கும் வரும். தடுக்கும் ஆள் சொந்த வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அங்கே வேலை பார்க்கும் ஒரு மாணவி போன மாதம் தனியாகச் செய்தி அனுப்பினாள்: “சார், நீங்கள் எழுதுவதை எல்லாம் படிக்கிறேன். லைக் மட்டும் போட மாட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.” நான் தப்பாக நினைக்கவே இல்லை. மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் சொன்னார்கள். டிசம்பரில் எச்-1பி, எச்-4 காரர்களுக்கும் அதையே சொல்லிவிட்டார்கள். வகுப்பில் எழுந்து நின்று என்னையே மடக்கிக் கேள்வி கேட்ட பெண் அவள். அவளை யாரும் மிரட்டவில்லை, அவளே வாயை மூடிக்கொண்டாள். விசாவில் இருப்பவர்கள் யாரும் இந்தப் பதிவுக்குக் கருத்து எழுத வேண்டாம். உங்கள் ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம்பிக்கை இல்லாமல் முடிக்க எனக்கு விருப்பமில்லை. கோமி வழக்கை, புதிய வழக்கறிஞரின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று நவம்பரில் ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். டிசம்பர் 11 அன்று இந்தியானா மாகாண செனட்டில், தொகுதி எல்லைகளை ஆளும் கட்சிக்குச் சாதகமாக மாற்றி வரையும் மசோதா வந்தது. வெள்ளை மாளிகை கடுமையாக நெருக்கியது. உறுப்பினர்கள் சிலருக்கு மிரட்டல்கள்கூட வந்தன. வாக்கெடுப்பில் 31-க்கு 19 என்று மசோதா தோற்றது. எதிர்த்த 31 பேரில் 21 பேர் குடியரசுக் கட்சியினர். நம்மில் ஒருவருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. ஆனால் அந்த நாட்டின் ஜனநாயகம் அன்று அந்த 21 பேரின் முதுகெலும்பில் நின்றது.

அங்கே குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2026 நவம்பர் 3 அன்று பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் தேர்தல். அதற்குக் கட்டாயம் போவீர்கள், தெரியும். அதற்கு முன்னால் வரும் கட்சி உள்தேர்தலுக்கும் போங்கள். மறுத்துப் பேசியவர்கள் பலர் வீழ்ந்தது அங்கேதான். வாக்களிப்பவர்கள் குறைவு, அதனால் உங்கள் ஓர் ஓட்டுக்கு எடை அதிகம். சில மாகாணங்களில் கட்சியின் பெயரில் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் வாக்களிக்க முடியும், விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கட்சிக்குள்ளேயே, தன் தலைவரிடம் “முடியாது” என்று ஒருமுறையாவது சொன்ன ஆள் இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் அவரைத் தோற்க விடாதீர்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், மாப்பிள்ளை உட்பட. பதில் சொல்வேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர்