ஓடத் தெரியும், நிற்பாட்டத் தெரியுமா?



இந்த மாதம் என்னுடைய வெட்கக்கேடு ஒன்றை உங்களிடம் சொல்லப் போகிறேன். ஒன்பது வருடம் ஸ்கூட்டி ஓடிய பிறகுதான் எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது என்பதை அறிந்துகொண்டேன்.

எமது பகுதியில் பெண்கள் ஸ்கூட்டி ஓடுவது இன்று புதினமல்ல. காலை ஏழு மணிக்குக் கல்முனைப் பிரதான வீதியில் நின்று பாருங்கள். பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, பிள்ளையை ஏற்றிச் செல்லும் தாய், கடைக்குச் சாமான் கொண்டுபோகும் பெண் என்று எத்தனையோ பேர் போவார்கள். யுத்த காலத்தில் இதே வீதியில் சோதனைச் சாவடிகளில் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தோம். அடுத்த ஊரைத் தாண்டிப் போகவே பயந்தோம். இன்று நான் மருதமுனைக் கைத்தறிச் சாரன்களையும் சாரிகளையும் ஏற்றிக்கொண்டு பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்து அக்கரைப்பற்றுக் கடைகள் வரை தனியே போய்வருகிறேன். ஸ்கூட்டி எனக்கு ஆடம்பரம் அல்ல. அதுதான் என் கால்.

1990 இல் வாப்பாவை இழந்தபோது எனக்கு எட்டு வயது. உம்மா இடியப்பம் அவித்து விற்று எங்களை வளர்த்தார். பின்னாளில் என் கணவரும் நோயில் போய்விட்டார். உழைக்கிற ஆள் விழுந்தால் வீடு என்னவாகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு மார்கழி மாத மழையில் விழுந்தேன். காரைதீவுச் சந்தி தாண்டி வரும்போது ஒரு கன்றுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. பதற்றத்தில் இடது கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். பின்சில்லு வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டது. மணிக்கட்டு எலும்பு வெடித்து, இரண்டு மாதம் கை கட்டில் இருந்தது. அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லை. லீசிங் காசு நிலுவையானது, மகளின் டியூஷன் நின்றது. பார்க்க வந்தவர்கள் “விதி புள்ள, என்ன செய்ய ஏலும்?” என்றார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. விதியோடு சேர்ந்து என் கையும் ஏதோ பிழை செய்திருக்கிறது என்றே தோன்றியது.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஸ்கூட்டி பழக்கியவர் மச்சான். கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் இரண்டு அந்திநேரம், அவ்வளவுதான். பிறகு எட்டுப் போட்டுக் காட்டி லைசன்ஸ் எடுத்தேன். அவசரத்தில் நிற்பாட்டுவது எப்படி என்று யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இது என் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளர், லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார். 1981 இல் வெளியான அந்த அறிக்கையின்படி, விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதமானோர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ பழகியவர்கள். ஆபத்து நேரத்தில் பலர் பின்பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்துச் சறுக்கினார்கள், முன்பிரேக்கைப் போதியளவு பயன்படுத்தவில்லை என்றும் அவர் எழுதினார். எங்கோ இருக்கும் மனிதர் என் விபத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போல் இருந்தது.

கை சுகமானதும் எங்கள் மாதர் சங்கத்தில் விடயத்தைச் சொன்னேன். ஏழு பேர் சேர்ந்தோம். பாண்டிருப்பிலிருந்து இரண்டு தமிழ்ச் சகோதரிகளும் வந்தார்கள். போக்குவரத்துப் பொலிஸில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு காக்கா பழக்கித்தரச் சம்மதித்தார். நான்கு சனிக்கிழமை, பாடசாலை மைதானத்தில் பயிற்சி நடந்தது.

முதல் நாள் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தங்கச்சிமாரே, எல்லாருக்கும் ஓடத் தெரியும். நிற்பாட்டத் தெரியுமா?”

மைதானத்தில் பொச்சு மட்டைகளை வரிசையாக வைத்தார். அந்தக் கோட்டை எட்டியதும் பிரேக் பிடிக்க வேண்டும். என் வழக்கப்படி இடது கையால் மட்டும் பிடித்தேன். வண்டி நின்ற இடம் வரை எட்டு வைத்து அளந்தால் பதினான்கு. பிறகு இரண்டு பிரேக்கையும் ஒன்றாக, திடீரென்று இறுக்காமல், துணி பிழிவது போலப் படிப்படியாக அழுத்தச் சொன்னார். எட்டு எட்டில் நின்றேன். இரண்டுக்கும் இடையில் இருந்த அந்த ஆறு எட்டில்தான் என் மணிக்கட்டு போயிருக்கிறது.

காரணத்தையும் விளக்கினார். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. அதனால் முன்சில்லு வீதியை நன்றாகப் பற்றும், பின்சில்லு இலேசாகி வழுக்கும். முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பயந்து அதைத் தொடாமலே விடுகிறோம். வண்டி நேராக இருக்கும்போது மெதுவாக அழுத்தினால் அதுதான் எம்மைக் காப்பாற்றும். வளைவிலும் மணலிலும் மட்டும் மிகக் கவனம் வேண்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்றால் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர். கண் கண்டு கை அசைய ஒரு செக்கன் போகும். பிரேக் பிடிக்குமுன்பே 11 மீற்றர் ஓடிவிடுகிறோம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மழை வீதியில் இன்னும் கூடும். ஆகவே முன்னால் போகும் வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் “ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு” என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்குமுன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால், மிக நெருங்கிப் போகிறீர்கள். மழையில் நான்கு வரை எண்ணுங்கள்.

இரண்டாவது பாடம் பார்வை. “மாட்டையே பார்த்தால் மாட்டில்தான் போய் மோதுவாய். போக வேண்டிய இடைவெளியைப் பார்” என்றார். எமது வீதிகளில் எங்கே என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே நினைக்கப் பழக்கினார். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் காயும் நெல், கடற்காற்று கொண்டுவரும் மணல், மஃரிபு நேரத்தில் திரும்பும் மாட்டுப் பட்டி, பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரம். வலப்பக்கம் திரும்புமுன் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எம் உடைக்கும் பாடம் இருந்தது. அபாயாவின் ஓரம், ஷோலின் முனை, சாரியின் தலைப்பு மூன்றும் சில்லுக்கு இரை. ஏறியவுடன் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டுக்குள் ஊசி குத்திய ஷோல் கூடாது. மெல்லிய துணியை ஊசியின்றிச் சுற்றுங்கள். நாடிப் பட்டியைப் பூட்டாத ஹெல்மெட் தலையில் நிற்காது. ஹெல்மெட் அணிவது விபத்தில் மரண அபாயத்தை 42 சதவீதத்தாலும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதத்தாலும் குறைக்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008 இல் வெளியான மீளாய்வு கூறுகிறது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். எத்தனை தாய்மார் தாம் அணிந்துகொண்டு பிள்ளையை வெறுந்தலையோடு கூட்டிச் செல்கிறோம்!

சகோதரிகளே, இதற்குப் பெரிய செலவில்லை. உங்கள் ஊரில் ஐந்து பேர் சேருங்கள். அனுபவமுள்ள சாரதிப் பயிற்றுநர் ஒருவரை அழையுங்கள். வெறும் மைதானத்தில், ஹெல்மெட்டோடு, முதலில் 20 கிலோமீற்றர் வேகத்தில் நிற்பாட்டிப் பழகுங்கள். கை பழகியபின் வேகத்தைக் கூட்டலாம். கிழமைக்கொரு தடவை டயரின் காற்றையும் தேய்வையும் பாருங்கள்.

பயிற்சி முடிந்து சில மாதங்களின் பின், நிந்தவூரில் மழை தூறும்போது ஒரு சிறுவன் பந்தின் பின்னால் வீதிக்குள் ஓடி வந்தான். என் இரண்டு கைகளும் தாமாக அழுத்தின. வண்டி நேராக நின்றது. சிறுவன் பந்தை எடுத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல ஓடிவிட்டான். எனக்குத்தான் கால் நடுங்கியது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. லைசன்ஸ் எடுக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. “உம்மா, எனக்கு எப்ப ஓடப் பழக்குவீங்க?” என்று நச்சரிக்கிறாள். வயது வரட்டும், முதல் நாளே மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பொச்சு மட்டையை வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். முதலில் நிற்பாட்டப் பழகட்டும். ஓடுவதைப் பிறகு பார்க்கலாம்.