பிரேக்குக்கு எதுக்குங்க டீசல் குளியல்?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலியில இருந்து பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணெய் வந்து எண்ணூர் வீடுகளுக்குள்ள புகுந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுல முங்கின என் வண்டியை ஒரு வாட்டர் வாஷ் கடையில விட்டேன். எண்ணெய்க் கறை போக அவர் செஞ்ச வைத்தியம், டீசல் ஸ்ப்ரே. டிஸ்க் மேலயும் சேர்த்து! கேட்டா, "இருபது வருஷமா இப்படித்தான் சார்"னு பதில்.

இருபது வருஷம் தப்பா செஞ்சா அது அனுபவம் ஆகிடுமா மக்களே? பிரேக் உராய்வுல நிக்கிற சாமான். டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் அதுக்கு எமன். பேட் உறிஞ்சிடுச்சுன்னா புதுசு மாத்துறதுதான் வழி. காலிப்பர் ரப்பர் சீலும் உப்பிப் போகும். உப்புக்காத்துல வர்ற துருவுக்கும் நம்ம ஏரியாவுல இதே டீசல்தான், கொடுமை!

டிஸ்க் ஆறினதும் பிரேக் கிளீனரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ துணியில நனைச்சுத் துடைங்க. காலிப்பர் வெளிப்பக்கத்துக்கு சோப்புத் தண்ணி போதும். டிரம் தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால எடுங்க. காலிப்பர் கழட்டியிருக்கும்போது லீவரை அமுக்கினா பிஸ்டன் வெளிய வந்துடும், ஜாக்கிரதை. எல்லாம் மாட்டினப்புறம் லீவர் இறுகுற வரைக்கும் அமுக்கிப் பாத்துட்டுக் கிளம்புங்க.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல முன்னாடியும் கன்டெய்னர் லாரி, பின்னாடியும் கன்டெய்னர் லாரி. அங்க பளபளப்பை வச்சு வண்டியை நிறுத்த முடியாதுங்கோ.

டிஸ்கி: துடைச்ச துணியைக் கால்வாயில வீசாதீங்க. கொசஸ்தலை ஆறு பட்டது போதும்.