யானைக்கு எறிந்த வேல்

மிகையான லட்சியம் கொண்ட படைப்பைக் கேலி செய்வதைப்போல எளிதான விமர்சனம் வேறில்லை. ஆங்கில ராக் குழுவான யெஸ் 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' அக்கேலியை 50 ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துவருகிறது. இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரே பாடல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியபோதும், ராக் இசையின் வீண் ஆடம்பரத்துக்கு உதாரணமாகவே அது நினைவில் நின்றுவிட்டது.

இதன் தோற்றுவாய் நமக்கு அந்நியமானதல்ல. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரித'த்தில் சாஸ்திரங்களை ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்காக வகுக்கும் அடிக்குறிப்பு ஒன்றுண்டு. அதைப் படித்த பாடகர் ஜான் ஆண்டர்சன், கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹவ்வுடன் சேர்ந்து நான்கு பக்க இசையைத் திட்டமிட்டார். அடிக்குறிப்பைக் கொண்டு வேதத்தை அளப்பதா என்று நாமும் சிரித்துவிடலாம். ஆனால் சாஸ்திர விளக்கம் தேடி யாரும் இதைக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பகுப்பு அவர்களுக்கு ஒரு கட்டுமான வரைபடமாக உதவியது, அவ்வளவே.

குறைகளை நாங்கள் மறைக்கப் போவதில்லை. ஒரு தட்டுக்கு மிகுதியாகவும் இரண்டு தட்டுகளுக்குப் போதாமலும் இருந்த இசையை இழுத்து நிரப்பியதாகக் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனே குறைகூறினார். 1974இல் குழுவைவிட்டு விலகவும் செய்தார். இரண்டாம் பக்கம் தளர்கிறது என்பது எங்கள் கருத்தும்தான். ஆயினும் அப்பக்கத்தைத் தாங்கி நிற்பது அதே வேக்மனின் மெல்லோட்ரான் அலைகள்தாம் என்பது விநோதம்.

மூன்றாம் பக்கத்தில் தாளவாத்தியங்களும் ஸ்டீல் கிதாரும் முரட்டுத்தனமாக மோதிக்கொள்கின்றன. செவி சலிக்கத் தொடங்கும் தறுவாயில் ஹவ்வின் தனித்த கிதார் எளிய மெட்டொன்றைத் தொடங்குகிறது. நான்காம் பக்கத்திலும் அவ்வாறே. கிறிஸ் ஸ்குயரின் பேஸ் கிதாரும் ஆலன் ஒயிட் முன்னின்று நடத்தும் தாளப் புயலும் ஓய்ந்த பின்னரே அந்த அமைதியான பாடல் வருகிறது. அப்பாடலை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்டால் அது இனிய மெட்டு. முழுப்பக்கத்தையும் கடந்துவந்து கேட்டால் அது விடுதலை. நூறு பக்கம் காத்திருந்து ஒரு வாக்கியத்தில் நெகிழும் நாவல் வாசகருக்கு இந்த வேறுபாடு புரியும்.

1976க்குப் பின் எழுந்த பங்க் இசை இத்தகைய நீளத்துக்கு எதிராகக் கலகம் செய்தது. அக்காலத்துக்கு அக்கலகம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு தலைமுறையின் தேவை எல்லாக் காலத்துக்குமான தீர்ப்பாகிவிட்டதைத்தான் நாங்கள் மறுக்கிறோம். 2016இல் ஸ்டீவன் வில்சன் செய்த மறுகலவையில், அடுக்கடுக்காகப் புதைந்திருந்த ஒலிகள் தெளிவாகக் கேட்கின்றன. பழைய தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய அதுவே நல்ல தொடக்கம்.

கேலிக்கு அஞ்சுபவர்கள் சிறிய இலக்குகளையே தேர்வார்கள். அவற்றைப் பிழையின்றி எய்தவும் செய்வார்கள். பிழையின்மையை மட்டுமே நாம் போற்றிக்கொண்டிருந்தால், கலையில் மிஞ்சப்போவது அதுதான். யானைக்கு எறிந்து குறிதவறிய வேலுக்கு வள்ளுவர் எந்த இடத்தைத் தந்தார் என்பதைத் தமிழ் வாசகருக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை.